102 பேர் நின்ன தேர்தல், நிக்காத டக் ஃபோர்ட் தான் மேட்டரு

2023 ஜூன் 26-ம் தேதி டொராண்டோவுல நடந்த மேயர் பை-எலெக்ஷன பத்தி யார் பேசினாலும் முதல்ல சொல்றது 102 வேட்பாளர்ங்கற நம்பர தான். அதுல ஒருத்தர் தன் நாயையும் சேத்துக்கிட்டு நின்னாரு, நாய் பேரு மோலி, குளிர்காலத்துல ரோட்டுல கொட்ற உப்பு நாய்ங்க காலை புண்ணாக்குதுன்னு அதுக்கு ஒரு கொள்கையே இருந்துச்சு. இன்னொருத்தர் ஹைஸ்கூல் படிச்சிட்டிருந்த 18 வயசு பையன். இதெல்லாம் பேச ஜாலியா தான் இருக்கும். ஆனா அந்த தேர்தல் ஏன் வந்துச்சு, எப்படி முடிஞ்சுது, ஜெயிச்சவங்க கைக்கு என்ன அதிகாரம் போச்சுன்னு ஒவ்வொண்ணா பாத்தா எல்லாத்துலயும் ஒரே ஆளோட கை தெரியும், அவரு அந்த 102 பேர்லயே இல்ல. ஒன்டாரியோ மாகாண முதல்வர் டக் ஃபோர்ட்.

தேர்தல் வந்த கதைய வேகமா சொல்லிடறேன். ஜான் டோரி 2022 அக்டோபர்ல மூணாவது தடவையா மேயரா ஜெயிச்சாரு, 62 சதவீத ஓட்டு, ரெண்டாவது வந்த கில் பெனலோசாவுக்கு 18 சதவீதம் தான், அதாவது போட்டின்னே சொல்ல முடியாது. அதுக்கப்புறம் நாலு மாசம் கூட ஆகல, 2023 பிப்ரவரி 10 வெள்ளிக்கிழமை ராத்திரி, அவர் ஆபீஸ்ல முன்னாடி வேலை பாத்த, அவர விட ரொம்ப சின்ன வயசு பெண்ணோட அவருக்கு உறவு இருந்துச்சுன்னு டொராண்டோ ஸ்டார் பேப்பர் செய்தி போட்டுச்சு, அன்னிக்கே பிரஸ் மீட் வச்சு ஒத்துக்கிட்டு ராஜினாமா பண்றேன்னு சொல்லிட்டாரு. சொல்லிட்டாரே தவிர உடனே கிளம்பல. 15-ம் தேதி பட்ஜெட் ஓட்டெடுப்பு இருந்துச்சு, அத முடிச்சுட்டு 17-ம் தேதி தான் போனாரு. அந்த இடைப்பட்ட நாள்ல டக் ஃபோர்ட் வெளிப்படையாவே டோரி போகக்கூடாது, இருக்கணும்னு பேசினாரு, இடதுசாரி மேயர் வந்தா நாம காலின்னாரு. ஒரு மாகாண முதல்வர் ஒரு ஊர் மேயருக்காக இவ்வளவு பதறுவாரான்னு வெளியில இருந்து பாக்கறவங்களுக்கு தோணும், அதுக்கு கொஞ்சம் பின்னாடி போகணும்.

2010-ல டொராண்டோ மேயரா வந்தது டக்கோட தம்பி ராப் ஃபோர்ட், டக் அதே கவுன்சில்ல ஒரு கவுன்சிலர். ராப் கிராக் கொக்கைன் புகைக்கிற வீடியோ மேட்டர் உலகம் பூரா நாறினதும், 2013 நவம்பர்ல கவுன்சிலே ஓட்டு போட்டு அவரோட அதிகாரத்துல முக்கால்வாசிய புடுங்கிடுச்சு. 2014 தேர்தல்ல மறுபடி நின்னவருக்கு வயித்துல கட்டின்னு தெரிஞ்சதும் விலகினாரு, பேர் குடுக்க கடைசி நாள் அன்னிக்கு அவர் இடத்துல டக் வந்து நின்னாரு. ரிசல்ட் வந்தப்போ ஜான் டோரி 40 சதவீதம், டக் ஃபோர்ட் 34, ஒலிவியா சாவ் 23. அந்த வருஷம் ஆரம்பத்துல கருத்துக்கணிப்புல முன்னாடி இருந்தவங்க ஒலிவியா தான், போகப்போக சரிஞ்சு மூணாவது இடத்துக்கு வந்தாங்க. இந்த மூணு பேர ஞாபகம் வச்சுக்கோங்க, 2023 கதையும் இந்த மூணு பேர் கதை தான்.

மேயராக முடியாத டக் 2018 ஜூன்ல மாகாண முதல்வராயிட்டாரு. பதவிக்கு வந்து ஒரு மாசம் ஆகியிருக்கும், டொராண்டோ கவுன்சில் தேர்தலுக்கு வேட்பாளர்ங்க பேர் குடுத்து பிரச்சாரமே ஆரம்பிச்ச நேரத்துல, 47 வார்டா நடக்க வேண்டிய தேர்தல 25 வார்டா சுருக்கி சட்டம் போட்டாரு. கோர்ட்டுக்கு போனாங்க, 2021-ல கனடா சுப்ரீம் கோர்ட் 5-க்கு 4-னு மாகாணம் பண்ணது செல்லும்னு சொல்லிடுச்சு. கனடாவோட அரசியல் சட்டத்துல நகரங்களுக்குனு தனியா ஒரு அதிகாரமும் கிடையாது, நகராட்சிங்கறதே மாகாணம் போட்ட சட்டத்தால உண்டானது, வேணும்னா சுருக்கலாம், இணைக்கலாம். 1998-ல ஸ்கார்பரோ, நார்த் யார்க், எடோபிகோ, யார்க், ஈஸ்ட் யார்க், பழைய டொராண்டோ ஆறையும் சேத்து ஒரே ஊராக்கினதும் மாகாணம் தான், ஊர்க்காரங்க வேணாம்னு எவ்வளவோ சொல்லியும் நடந்துச்சு.

அடுத்தது 2022. இந்த தடவை குறைக்கல, கூட்டினாரு. வீடு கட்டறத வேகப்படுத்தணும்னு காரணம் சொல்லி டொராண்டோ, ஒட்டாவா ரெண்டு ஊர் மேயருக்கும் "ஸ்ட்ராங் மேயர்" அதிகாரம் குடுத்தாரு. அதுக்கு முன்னாடி டொராண்டோ மேயர்னா கவுன்சில்ல ஒரு ஓட்டு, அவ்வளவு தான், மத்தது எல்லாம் பேசிப் பேசி ஆள் சேக்கற திறமை. புது சட்டப்படி பட்ஜெட் போடறது மேயர், பெரிய அதிகாரிங்கள வைக்கறதும் தூக்கறதும் மேயர், மாகாணம் முக்கியம்னு சொல்ற விஷயத்துக்கு எதிரா கவுன்சில் தீர்மானம் போட்டா மேயர் வீட்டோ பண்ணலாம், அத திரும்ப முறியடிக்க கவுன்சில்ல மூணுல ரெண்டு பங்கு வேணும். அதோட விடல, டிசம்பர்ல இன்னொரு சட்டம். மாகாணத்தோட முன்னுரிமைக்கு பொருந்தற சட்டமா இருந்தா மூணுல ஒரு பங்குக்கு மேல ஓட்டு இருந்தா போதும்னு வந்துச்சு. மேயரையும் சேத்து கவுன்சில் 26 பேர், அப்போ மேயரும் எட்டு கவுன்சிலரும் கை தூக்கினா சட்டம் பாஸ், மீதி 17 பேர் எதுத்தாலும் பாஸ். உலகத்துல ஜனநாயகம்னு சொல்லிக்கற வேற எந்த ஊர்லயும் இப்படி ஒரு விதி இருக்கும்னு எனக்கு தோணல. டேவிட் கிராம்பி, ஜான் சூவல், ஆர்ட் எகிள்டன், பார்பரா ஹால், டேவிட் மில்லர்னு டொராண்டோவோட அஞ்சு முன்னாள் மேயர்ங்க, கட்சி வித்தியாசம் பாக்காம, ஒண்ணா கையெழுத்து போட்டு இது வேணாம்னு லெட்டர் எழுதினாங்க. இதுல வேடிக்கை, இந்த மைனாரிட்டி ரூல குடுங்கன்னு கேட்டதே ஜான் டோரி தான். தனக்காக கேட்டு வாங்கினாரு, அத வச்சு எதுவும் பண்றதுக்குள்ள, ரெண்டு மாசத்துல வீட்டுக்கு போயிட்டாரு.

அதே ஸ்ட்ராங் மேயர் சட்டத்துல இன்னொரு ஷரத்தும் இருக்கு, மேயர் பதவி நடுவுல காலியானா கவுன்சிலே ஒருத்தர உக்கார வைக்க முடியாது, ஜனங்க கிட்ட போய் தான் ஆகணும். துணை மேயர் ஜெனிஃபர் மெக்கெல்வி இடைக்காலத்துக்கு பொறுப்ப பாத்துக்கிட்டாங்க, ஆனா ஸ்ட்ராங் மேயர் அதிகாரம் அவங்களுக்கு கிடையாது. ஆக டோரிக்காக தச்ச சட்டைய மாட்டிக்க ஆள் தேடற மாதிரி ஆயிடுச்சு அந்த தேர்தல்.

சரி, 102 பேர் எப்படி. இங்க மேயர் தேர்தல்ல கட்சியே கிடையாது, பேலட்டுல கட்சி பேர் வராது, அதனால கட்சிக்குள்ளயே வடிகட்டற வேலையும் இல்ல. 25 பேர் கிட்ட கையெழுத்து வாங்கணும், ஒரு 200 டாலர் கிட்ட கட்டணும், கணக்க ஒழுங்கா காமிச்சா அதுவும் திரும்ப வந்துடும். ஏப்ரல் 3 அன்னிக்கு கதவ தொறந்தாங்க, மே 12 மத்தியானம் மூடினாங்க, அதுக்குள்ள வந்தவங்க எல்லாரும் வேட்பாளர். பேலட் ஒரே பெரிய தாள், குடும்பப்பேர் அகர வரிசைப்படி வரிசை வரிசையா பேரு, நமக்கு வேண்டிய ஆள் எங்க இருக்காருன்னு விரல் வச்சு தேடி அப்புறம் தான் குறி போடணும், அத மெஷின்ல விட்டா எண்ணிக்கும். பிரபலமானவங்கன்னு ஒரு ஏழெட்டு பேர் தான், டிவி விவாத மேடையில வந்தவங்களும் அவங்க தான்.

ஆனா என்ன கேட்டா சில்லறை பேர்ங்க கூட்டம் கூடினதுக்கு கட்டணம் கம்மிங்கறது காரணமா இருக்கலாம், பெரிய பேர்ங்க கூட்டம் கூடினதுக்கு காரணம் வேற. டொராண்டோவுல பதவியில இருக்கற மேயர தோக்கடிக்கறது அபூர்வம், அதனால தான் 2022-ல பெரிய பேர் யாரும் டோரி கிட்ட மோதல, ஆசை இருந்தவங்க எல்லாம் 2026-க்கு காத்துக்கிட்டு இருந்தாங்க. திடீர்னு நாற்காலி காலி, அதுவும் முன்ன விட அதிகாரம் கூடின நாற்காலி, அடுத்த தேர்தல் அக்டோபர் 2026 வரைக்கும் உக்காரலாம், விடுவாங்களா.

வந்தவங்கள பாருங்க. ஒலிவியா சாவ் ஹாங்காங்ல பொறந்து 13 வயசுல குடும்பத்தோட டொராண்டோ வந்தவங்க, செயின்ட் ஜேம்ஸ் டவுன் அடுக்குமாடியில வளந்தவங்க, ஸ்கூல் டிரஸ்டி, கவுன்சிலர், அப்புறம் என்.டி.பி.ங்கற இடதுசாரி கட்சியில ஃபெடரல் எம்.பி., அந்த கட்சித் தலைவரா இருந்து 2011-ல இறந்து போன ஜாக் லேட்டனோட மனைவி. அனா பைலாவ் போர்ச்சுகல்ல இருந்து 15 வயசுல வந்தவங்க, டேவன்போர்ட் பகுதி கவுன்சிலரா பன்னெண்டு வருஷம், டோரிக்கு கீழ துணை மேயர், வீட்டு வசதி அவங்க துறை. மார்க் சாண்டர்ஸ் முன்னாள் போலீஸ் சீஃப், 2022-ல ஃபோர்டோட கன்சர்வேட்டிவ் கட்சியில மாகாண தேர்தல்ல நின்னு தோத்தவரு. ஜோஷ் மாட்லோவும் பிராட் பிராட்ஃபோர்டும் அப்போ பதவியில இருந்த கவுன்சிலர்ங்க. மிட்ஸி ஹண்டர் ஸ்கார்பரோ-கில்ட்வுட்ல லிபரல் எம்.பி.பி. (மாகாண சட்டசபை உறுப்பினர்) பதவிய விட்டுட்டு வந்தாங்க. ஆண்டனி ஃபியூரி டொராண்டோ சன் பேப்பர்ல எழுதினவரு, வலது பக்கம், புது சைக்கிள் லேன் வேண்டாம், மேற்பார்வையில போதை ஊசி போட்டுக்கற மையங்கள மூடுன்னாரு.

அந்த மார்ச் கடைசியில தான் கீல் சப்வே ஸ்டேஷன்ல 16 வயசு பையன் ஒருத்தன கத்தியால குத்திக் கொன்னாங்க, அதுக்கு முன்னாடியும் டி.டி.சி. (ஊர் போக்குவரத்து கழகம்) பஸ்லயும் டிரெய்ன்லயும் அடிதடி செய்தி வந்துக்கிட்டே இருந்துச்சு, அதனால சாண்டர்ஸும் ஃபியூரியும் சட்டம் ஒழுங்குன்னு பேசினது எடுபட்டு இருக்கணும். எடுபடல. ஜனங்களுக்கு அத விட பெரிய தலைவலி வாடகை. ஒலிவியா சிட்டி நிலத்துல சிட்டியே எட்டு வருஷத்துல 25,000 வாடகை வீடு கட்டும்னு சொன்னாங்க. சொத்து வரி எவ்வளவு ஏத்துவீங்கன்னு எல்லாரும் மாத்தி மாத்தி கேட்டும் "கொஞ்சமா"ன்னு சொன்னாங்களே தவிர கடைசி வரைக்கும் ஒரு நம்பர் வாயில இருந்து வரல. அது சாமர்த்தியமா நழுவறதான்னு கேட்டா நழுவறது தான், ஆனா நம்பர் சொல்லியிருந்தா மறுநாள் எல்லா போஸ்டர்லயும் அந்த நம்பர் தான் இருந்திருக்கும்.

பணப் பிரச்சனைய பத்தி ஒண்ணு சொல்லணும். ஃபெடரல் அரசும் மாகாணமும் கடன் வாங்கி வருஷ செலவ ஓட்டலாம், நகரம் அப்படி பண்ண முடியாது, அன்றாட செலவுக்கு பட்ஜெட் சமமா இருந்தே ஆகணும்னு மாகாண சட்டம். வருமானம்னு பாத்தா பெருசா சொத்து வரி, வீடு கை மாறும்போது கிடைக்கற வரி, டி.டி.சி. டிக்கெட். கோவிட்ல டிக்கெட் காசு போச்சு, டோரி வருஷக்கணக்கா சொத்து வரிய விலைவாசி ஏத்தத்த ஒட்டியே வச்சிருந்தாரு, சுத்தி இருக்கற ஊர்ங்கள விட டொராண்டோவுல வரி விகிதம் கம்மி. ஆக அதிகாரம் நிறைய, கஜானா காலி. தேர்தல் முடிஞ்ச ஆகஸ்ட்ல சிட்டி அதிகாரிங்களே கணக்கு போட்டு அடுத்த பத்து வருஷத்துல 4,650 கோடி டாலர் பள்ளம்னு அறிக்கை குடுத்தாங்க.

பிரச்சார நடுவுல ஃபோர்ட் மறுபடி உள்ள வந்தாரு. ஏப்ரல்ல, டான் மில்ஸ் பக்கத்துல 1969-ல இருந்து இருந்த ஒன்டாரியோ சயின்ஸ் சென்டர ஏரிக்கரையில இருக்கற ஒன்டாரியோ பிளேஸ்ங்கற பழைய பொழுதுபோக்கு பூங்காவுக்கு தூக்கிட்டு போறேன்னு அறிவிச்சாரு, அங்க ஏற்கனவே தெர்மேன்னு ஒரு வெளிநாட்டு கம்பெனிக்கு பெரிய ஸ்பா கட்ட இடம் குடுத்ததுல சண்டை. ஒலிவியாவுக்கு இது லட்டு மாதிரி. மத்தவங்க எல்லாம் ஒலிவியாவ எதுத்து பேசிட்டு இருந்தப்போ அவங்க ஃபோர்ட எதுத்து பேசினாங்க. கடைசி வாரத்துல ஃபோர்டே மைக்க புடிச்சு ஒலிவியா வந்தா பெரும் நாசம்ங்கற அளவுக்கு பேசி, சாண்டர்ஸுக்கு தான் என் ஆதரவுன்னாரு. அதே வாரம் டோரி பைலாவுக்கு ஆதரவு தெரிவிச்சாரு. டொராண்டோ ஸ்டாரும் பைலாவுக்கு. ஒலிவியாவ தவிர யாரா இருந்தாலும் பரவால்லன்னு நெனச்ச கூட்டத்துக்கு யார்னு முடிவு பண்ண முடியல, அதான் உண்மை, விலகிக்கோன்னு ஒருத்தர ஒருத்தர் சொன்னாங்களே தவிர பெரிய பேர்ல யாரும் விலகல.

ஓட்டு எண்ண ஆரம்பிச்சப்போ முதல்ல பைலாவ் முன்னாடி போனாங்க, கருத்துக்கணிப்பு எல்லாம் ஒலிவியா சுலபமா ஜெயிப்பாங்கன்னு சொல்லியிருந்ததால டிவி பாத்தவங்களுக்கு கொஞ்ச நேரம் நம்பவே முடியல. கடைசியில ஒலிவியாவுக்கு 37.2 சதவீதம், கிட்டத்தட்ட 2 லட்சத்து 69 ஆயிரம் ஓட்டு. பைலாவுக்கு 32.5, 2 லட்சத்து 35 ஆயிரம். சாண்டர்ஸ் 8.6, ஃபியூரி 5, மாட்லோ 4.9, ஹண்டர் 2.9. ஓட்டு போட்டவங்க 38.5 சதவீதம், முந்தின அக்டோபர்ல 30 கூட தொடல, அதனால ஜூன் மாசத்துல நடந்த பை-எலெக்ஷனுக்கு இது நல்ல கூட்டம்.

இப்போ இந்த கணக்க கொஞ்சம் கிட்ட போய் பாருங்க. முதல் ரெண்டு பேருக்கும் வித்தியாசம் 34 ஆயிரம் சொச்சம். ஃபோர்ட் ஆதரிச்ச சாண்டர்ஸ் மட்டும் வாங்கினது 62 ஆயிரம். ஃபோர்ட் வாய மூடிட்டு இருந்திருந்தாலோ, பைலாவ கை காட்டியிருந்தாலோ அந்த 62 ஆயிரத்துல எத்தன போயிருக்கும்னு யாரும் சத்தியம் பண்ண முடியாது, அவர் கை காட்டினா பைலாவ விட்டு ஓடியிருக்கக் கூடிய லிபரல் ஓட்டும் இருக்கு. ஆனா இன்னொரு சங்கதி இருக்கு, அது தான் எனக்கு ரொம்ப புடிச்சது. ஒன்டாரியோ நகராட்சிகள்ல ஓட்டர்ங்க முதல் விருப்பம் ரெண்டாவது விருப்பம்னு வரிசைப்படுத்தி ஓட்டு போடற முறைய விரும்பினா வச்சுக்கலாம்னு முன்னாடி சட்டம் இருந்துச்சு, 2018-ல லண்டன் ஊர்ல, இங்கிலாந்து லண்டன் இல்ல ஒன்டாரியோ லண்டன், அப்படி தேர்தலும் நடத்தினாங்க. 2020-ல கோவிட் சம்பந்தமான ஒரு சட்டத்துக்குள்ள சொருகி அந்த வசதிய எடுத்துட்டது ஃபோர்ட் அரசாங்கம். அந்த முறை இருந்து, டொராண்டோவும் அத எடுத்திருந்தா, சாண்டர்ஸ் ஃபியூரி பிராட்ஃபோர்ட் ஓட்டெல்லாம் அடுத்த விருப்பமா பெரும்பாலும் பைலாவ் பக்கம் போயிருக்கும், மாட்லோ ஓட்டுல நிறைய ஒலிவியா பக்கம் வந்திருக்கும், ரிசல்ட் ரொம்ப நெருக்கமா இருந்திருக்கும், எனக்கென்னவோ பைலாவ் தான் ஜெயிச்சிருப்பாங்கன்னு தோணுது. ஆக ஃபோர்ட் எடுத்துப் போட்ட விதி தான் ஃபோர்ட் பயந்த ஆள உள்ள விட்டுச்சு, ஃபோர்ட் டோரிக்கு குடுத்த அதிகாரம் தான் அவங்க கைக்கு போச்சு. 2014-ல மூணாவது வந்த ஒலிவியா 2023 ஜூலை 12 மேயரா பதவி ஏத்தாங்க, வெள்ளைக்காரர் அல்லாத முதல் டொராண்டோ மேயர். மைனாரிட்டி ரூல தொடவே மாட்டேன்னு பிரச்சாரத்துலயே சொல்லியிருந்தாங்க. ஆனா பட்ஜெட் மேயர் பேர்ல வரணும்ங்கறது சட்டம், அதுல இருந்து தப்பிக்க முடியாது.

அடுத்து நடந்தது ரெண்டு பக்கத்து ஆளுங்களுக்கும் பேஜாரு. நவம்பர்ல ஒலிவியாவும் ஃபோர்டும் பக்கத்துல பக்கத்துல நின்னு ஒரு ஒப்பந்தம் அறிவிச்சாங்க. கார்டினர் எக்ஸ்பிரஸ்வே, டான் வேலி பார்க்வேன்னு ஊருக்குள்ள ஓடற ரெண்டு பெரிய ரோடும் இனிமே மாகாணத்தோட செலவு, சிட்டி தலையில இருந்து பெரிய பாரம் இறங்கிடுச்சு. பதிலுக்கு ஒன்டாரியோ பிளேஸ்ல மாகாணம் தன் இஷ்டத்துக்கு பண்ணிக்கலாம்னு சிட்டி ஒதுங்கிக்கிச்சு. ஸ்பாவ எதுத்து ஒலிவியாவுக்கு ஓட்டு போட்டவங்களுக்கு வயிறு எரிஞ்சுது, நியாயம் தான், ஆனா மாகாணம் நெனச்சா சட்டம் போட்டே எடுத்துக்கும், சும்மா போறத வித்து காசாக்கினாங்கன்னு தான் நான் பாக்கறேன். 2024 பட்ஜெட்ல சொத்து வரி 9.5 சதவீதம் ஏறுச்சு, ஆறு ஊரையும் ஒண்ணாக்கினதுக்கு அப்புறம் இவ்வளவு ஏறினதே இல்ல. "கொஞ்சமா"ங்கறது அவ்வளவு தான்.

நம்ம ஆளுங்க நிறைய இருக்கற ஸ்கார்பரோ பக்கம் இந்த தேர்தல் வேற மாதிரி ஓடுச்சு. அங்க பேச்சு ஸ்கார்பரோ ஆர்.டி. லைன் பத்தி, 1985-ல இருந்து ஓடின ரயில், வயசாயிடுச்சு, நவம்பர்ல மூடறதா இருந்தாங்க, மாத்தா வர்ற பஸ்ஸுக்கு தனிப் பாதை போட காசு யார் தர்றதுன்னு சிட்டியும் மாகாணமும் இழுத்துக்கிட்டு இருந்தாங்க. ஒலிவியா பதவி ஏத்து ரெண்டு வாரம் கூட ஆகல, ஜூலை 24 அன்னிக்கு எல்ஸ்மியர் ஸ்டேஷன் கிட்ட கடைசி பெட்டி தடம் புரண்டு சில பேருக்கு அடி, அதோட அந்த லைன் திரும்ப ஓடவே இல்ல. அப்புறம் ஓட்டுரிமை, சிட்டிசன்ஷிப் இல்லாத, நிரந்தரமா தங்க அனுமதி மட்டும் இருக்கற பி.ஆர். காரங்க எத்தன வருஷம் வாடகையும் வரியும் கட்டியிருந்தாலும் ஓட்டு கிடையாது, அதே நேரம் வேற ஊர்ல குடியிருக்கற சிட்டிசன் டொராண்டோவுல ஒரு காண்டோ ஃபிளாட் வாங்கிப் போட்டிருந்தா ஓட்டு உண்டு. பி.ஆர். காரங்களுக்கும் குடுங்கன்னு டொராண்டோ கவுன்சில் 2013-லயே மாகாணத்த கேட்டுச்சு. மாகாணம் குடுக்கல.

ஒரு பை-எலெக்ஷன் இன்னொரு பை-எலெக்ஷன இழுத்துட்டு வந்ததும் ஸ்கார்பரோவுல தான். மிட்ஸி ஹண்டர் மேயருக்கு நிக்க விட்டுட்டு வந்த எம்.பி.பி. சீட்டுக்கு ஜூலை 27 தேர்தல், அதுல ஃபோர்ட் கட்சி சார்பா நிக்க ஸ்கார்பரோ சவுத்வெஸ்ட் கவுன்சிலர் கேரி கிராஃபோர்ட் பதவிய விட்டாரு, நின்னாரு, லிபரல் ஆண்ட்ரியா ஹேசல் கிட்ட தோத்தாரு. அவர் விட்ட வார்டுக்கு நவம்பர் 30 தேர்தல், அதுல ஜெயிச்சது தமிழர் பார்த்தி கந்தவேள், முன்னாடி ஸ்கூல் டிரஸ்டியா இருந்தவரு. இடைக்காலம் பாத்துக்கிட்ட ஜெனிஃபர் மெக்கெல்வி 2025-ல ஃபெடரல் எம்.பி. ஆகி கிளம்ப, ஸ்கார்பரோ-ரூஜ் பார்க் வார்டும் காலியாச்சு, செப்டம்பர்ல அங்க ஜெயிச்சது நீதன் சண், 2018-ல ஃபோர்ட் வார்டுங்கள சுருக்கினப்போ கவுன்சில் பதவி போன அதே நீதன் சண்.